கொழுந்தும் கேள்வித்தாளும்

1869-ஆம் ஆண்டில், ஊவாவின் மடுல்சீமைப் பகுதியில், கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறப் பொட்டுகள் தோன்றின. அந்த இலைகள் பேராதனைத் தாவரப் பூங்காவின் தலைவர் துவெயிட்ஸின் கைக்குப் போய்ச் சேர்ந்தன. அவர் அவற்றை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே பேர்க்கிலி என்னும் காளான் ஆராய்ச்சியாளர், அவ்வாண்டு முடிவதற்குள்ளாகவே, நோயை விளைத்த காளானுக்கு 'ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ்' என்று பெயரிட்டு உலகறியச் செய்தார். 1880-இல் மார்ஷல் வார்ட் என்னும் இளம் விஞ்ஞானி அந்நோயை ஆராய்வதற்கென்றே கப்பலேறி வந்து, 1882 வரை இத்தீவில் தங்கியிருந்தார்.

ஓர் இலையின் நோய்க்காக மடுல்சீமையும் பேராதனையும் இங்கிலாந்தும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டன. 'கல்விசார் வலையமைப்பு' என்று இன்று நாம் புதுப்பெயர் சூட்டி மேடைகளில் பேசுகின்ற ஏற்பாடு, ஊவாவில் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே இயங்கியிருக்கிறது. ஆனால், அந்தச் செடியின் பழத்தைப் பறித்தவர் யார்? அவர் எதை உண்டார், எந்த நோயில் மாண்டார்? கோப்பி வீழ்ந்தபோது, சம்பளப் பாக்கியை இழந்து, வந்த வழியே தமிழகம் திரும்பியவர் பலர். கோப்பி இலையில் படர்ந்த காளானுக்கு அக்கால அறிவுலகம் ஒதுக்கிய பக்கங்களுடன் ஒப்பிட்டால், இம்மனிதருக்கு ஒதுக்கிய பக்கங்கள் மிகச் சிலவே.

தேயிலை யுகத்திலும் இதே நியதி தொடர்ந்தது. 1925-இல் தேயிலை ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. அது பின்னர் தலவாக்கலையில் நிலைகொண்டது. ஊவாவுக்கென்று பசறையில் அதற்கொரு கிளை உண்டு. எந்த மண்ணுக்கு எந்த உரம், எந்தச் சரிவுக்கு எந்த இனச் செடி, கொப்புளநோய்க்கு எந்த மருந்து என்னும் அறிவெல்லாம் துரைமாரின் பங்களாக்களுக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. இதை நாம் குறைகூற வரவில்லை. செடி பிழைத்தால்தான் செடியை நம்பியவரும் பிழைப்பர். ஆயினும் செடிக்கு 1925-இல் கிடைத்த பரிவு, அச்செடியைத் தொட்டு வாழும் மனிதருக்கு எப்பொழுது கிடைக்கும் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு அன்றோ?

2005-ஆம் ஆண்டில் பதுளையில் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. பசறை வீதியில், தேயிலை மலைகளின் அண்டையிலேயே, உயர்கல்வி வந்து அமர்ந்தது. தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியர்களுக்கும், லயத்துக் காம்பிராவிலிருந்து புறப்பட்டு உயர்வகுப்புக்கு ஏறிவரும் மாணவர்களுக்கும் அது சிறிய செய்தியன்று. அதனாலேயே, அதன் ஆராய்ச்சியும் அதுபோன்ற பிற நிறுவனங்களின் ஆராய்ச்சியும் மக்களோடு கொள்ளும் உறவு எத்தகையதாக இருக்க வேண்டும் என்பதை ஆராய்வது நம் கடமையாகிறது.

*

பல்கலைக்கழகங்கள் 'சமூகத் தொடர்பு' என்று வழங்குவது என்ன? மருத்துவ முகாம், உயர்தரப் பரீட்சை மாணவருக்குக் கருத்தரங்கு, சுயதொழிற் பயிற்சி, சுற்றாடல் விழிப்புணர்வு, இவற்றோடு கேள்வித்தாள் சுமந்து லயங்களுக்குச் செல்லும் கள ஆய்வு. இவற்றுள் எதுவும் தீயதன்று. முகாமில் ஒரு முதியவரின் கண்ணுக்குக் கண்ணாடி கிடைத்தால் அது நன்மையே. எனினும், நன்மை செய்வது வேறு, தொடர்பு கொள்வது வேறு. தொடர்பு என்னும் சொல்லுக்கு இரண்டு முனைகள் உண்டு. ஒரு முனையிலிருந்து மட்டும் ஓடுவது கட்டளையாகவோ, விசாரணையாகவோ, தருமமாகவோதான் இருக்க முடியும்.

இந்த வேறுபாட்டை விளங்கிக்கொள்ள, தோட்டங்களில் தமிழ்மொழி அடைந்த கதியை நினைவுகூர்வது பயன்தரும். துரைமார் தமிழ் கற்றனர். அதற்கென்று கையேடுகள் எழுந்தன. 1915-இல் வெளிவந்த வெல்ஸ் என்பவரின் 'கூலித் தமிழ்' அவற்றுள் பெயர்பெற்றது. பதுளையைச் சேர்ந்த திறனாய்வாளர் மு. நித்தியானந்தன் 2014-இல் அதே பெயரைத் தம் கட்டுரைத் தொகுதிக்கும் சூட்டி, அக்கையேடுகளையும் மலையகத்தின் தொடக்ககால எழுத்துகளையும் நம் பார்வைக்குக் கொணர்ந்தார். துரை தமிழ் கற்றது தொழிலாளியின் மனத்தை அறிவதற்கன்று, வேலை வாங்குவதற்கு. ஆகவே அந்தத் தமிழில் ஏவல்வினை பெருகியிருந்ததில் வியப்பில்லை. மக்களின் மொழியைக் கற்றுவிட்டதனாலேயே ஒருவன் மக்களோடு தொடர்பு கொண்டவனாகிவிட மாட்டான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இன்றைய கேள்வித்தாளும் தமிழில்தான் வாசிக்கப்படுகிறது. துரையின் தமிழ் ஏவற்றமிழ் என்றால், இதை வினாத்தமிழ் என்று சொல்லலாம். வீட்டில் எத்தனை பேர்? கழிப்பறை உண்டா? மாத வருமானம் எவ்வளவு? கணவன் குடிப்பதுண்டா? வினா எழுகிறது, விடை எழுதப்படுகிறது, தாள் புரட்டப்படுகிறது. லயங்களுக்குக் கணக்கெடுக்கச் சென்ற எவரும், ஏதோ ஒரு வாசற்படியில், இந்தக் கேள்வியின் ஏதேனும் ஒரு வடிவத்தை எதிர்பார்க்கத்தான் வேண்டும்: "போன வருஷமும் இதத்தானே தம்பி எழுதிக்கிட்டுப் போனாங்க, அது என்னாச்சு?" கேள்வித்தாளில் இடம்பெறாத இந்த ஒரு வினாவே, நம் கட்டுரையின் வினாவும் ஆகும்.

கொழுந்து நிறுக்கும் இடத்தில் நடப்பதை ஒருகணம் எண்ணிப் பார்ப்போம். கூடையை இறக்கிவைத்த பெண், தராசின் முள்ளைப் பார்க்கிறாள். சாக்குக்கென்றும் ஈரத்துக்கென்றும் கிலோக்கள் கழிக்கப்படும்போது அவள் முகம் சுளிக்கிறாள், துணிவிருந்தால் வாதாடுகிறாள், சங்கம் பலமாக இருந்தால் வேலைநிறுத்தமும் நடக்கிறது. அநீதி மிகுந்த அந்த இடத்திலும், தான் கொடுத்தது எவ்வளவு என்பதைக் கண்ணால் காணும் வாய்ப்பு அவளுக்கு உண்டு. ஆராய்ச்சியாளனுக்கு அவள் கொடுத்த தன் வாழ்க்கைக் கதை எந்தத் தராசில் நிறுக்கப்பட்டது, எவ்வளவு கழிக்கப்பட்டது, எந்த விலைக்குப் போயிற்று என்பதை அவள் அறிவதற்கு வழியே இல்லை. பட்டம் பெற்றவர் பெற்றார், கட்டுரை அச்சேறிற்று, மாநாட்டில் கைதட்டல் எழுந்தது. கொழுந்து மலையிலிருந்து கீழே போனது போலவே, சொல்லும் கீழே போயிற்று.

*

"படிப்பறிவற்ற மக்களிடம் ஆராய்ச்சி முடிவுகளைக் கொடுத்து என்ன பயன்?" என்று வினவுவோர் உண்டு. மலையகத்தைப் பற்றிய அறிவு எங்கே, யாரால் உண்டாக்கப்பட்டது என்பதை அறியாதவர் கேட்கும் கேள்வி இது.

தெளிவத்தை ஜோசப்பை எடுத்துக்கொள்வோம். 1934-இல் ஹாலி-எலப் பகுதியின் ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் பிறந்தவர். தெளிவத்தைத் தோட்டத்தில் ஆசிரியராக இருந்தமையால் அத்தோட்டத்தின் பெயரையே தம் பெயரின் முன்னே சூடிக்கொண்டவர். 'காலங்கள் சாவதில்லை' என்னும் நாவலையும் 'நாமிருக்கும் நாடே' என்னும் சிறுகதைத் தொகுதியையும் அளித்த அவரே, 'மலையகச் சிறுகதை வரலாறு' என்னும் ஆய்வு நூலையும் எழுதினார். சிதறிக்கிடந்த பழைய பத்திரிகைகளையும் மலர்களையும் தேடி, ஒரு மக்களின் இலக்கிய வரலாற்றைக் கோவைப்படுத்திய பணி அது. பல்கலைக்கழகத் துறையொன்று செய்திருக்க வேண்டியதை, தோட்டப் பாடசாலையிலிருந்து புறப்பட்ட ஓர் எழுத்தாளர் செய்து முடித்தார்.

அவர் தனியொருவர் அல்லர். மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, தொழிற்சங்கவாதியாகவும் பாராளுமன்ற உறுப்பினராகவும் கவிஞராகவும் வாழ்ந்ததோடு, கொழுந்து பறிக்கும் பெண்களின் வாயிலிருந்த பாடல்களைத் திரட்டி வைத்தார். தேயிலைத் தொழிற்சாலையில் உத்தியோகம் பார்த்த சாரல் நாடன், கோ. நடேசய்யரின் வரலாற்றையும் மலையக வாய்மொழி இலக்கியத்தையும் ஆராய்ந்து நூல்களாக்கினார். கண்டியில் 1972-இல் இயேசு சபைத் துறவியான போல் கஸ்பர்ஸ் அடிகளார் தொடங்கிய சத்யோதய நிலையம், சமூக ஆராய்ச்சியையும் தமிழ்-சிங்கள மக்கள் உறவையும் ஒரே கூரையின் கீழ் வைத்து இயங்கியது. ஆசிரியர், சங்க ஊழியர், தொழிற்சாலை உத்தியோகத்தர், துறவி ஆகிய இவர்களே மலையகத்தின் முதல் ஆராய்ச்சி நிலையம். அதற்குக் கட்டடம் இல்லை. நிதி ஒதுக்கீடு இல்லை. ஆனால், யாரைப் பற்றி எழுதினார்களோ அவர்களுக்கு எட்டும் மொழியில் எழுதினார்கள். எழுதியதில் பிழை இருந்தால், தோட்டத்திலேயே அவர்களைப் பிடித்து நிறுத்திக் கேட்க ஆளிருந்தது.

இன்னும் ஒன்று. அறிவு என்பது நூலில் மட்டும் உறைவதன்று. 1940-இல் ஊவாவின் வேவெஸ்ஸத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர், தம்முள்ளே ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தனர். அச்சபையைக் கலந்து நடப்பதற்குத் துரையும் இணங்க நேர்ந்தது. வாக்குச் சீட்டைப் பறித்த 1948, 1949-ஆம் ஆண்டுச் சட்டங்கள் வருவதற்கு முன்னரே, நிருவாகம் என்றால் என்ன என்பதைச் செய்து பார்த்து அறிந்த மக்கள் இவர்கள். இப்படிப்பட்டவரை 'இலக்குக் குழு' என்றும் 'பயனாளிகள்' என்றும் அழைக்கும் அறிக்கைகளைப் படிக்கும்போது, அறிவில் யார் பின்தங்கியவர் என்னும் ஐயம் நமக்கு எழுகிறது.

*

அறிவு மேலே தங்கிவிட்டால் என்ன நேரும் என்பதற்கு ஊவாவிலேயே கொடிய சாட்சி ஒன்று உண்டு.

2014 ஒக்டோபர் 29-ஆம் தேதி காலை, கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்கள்மீது மலை சரிந்து விழுந்தது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் உயிர்தப்பினர். வீட்டிலிருந்த பெற்றோர் பலர் மண்ணுக்குள் மறைந்தனர். அந்தச் சரிவு ஆபத்தானது, மக்களை இடம்பெயர்க்க வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005-இலும் 2011-இலும் எச்சரித்திருந்த செய்தி அதன்பின் வெளிவந்தது.

ஆகவே விஞ்ஞானம் தவறவில்லை. அளவை நடந்தது, முடிவு எழுதப்பட்டது. எழுதப்பட்ட முடிவு அலுவலகத்துக்கும் அலுவலகத்துக்கும் இடையே பயணம் செய்தது. லயத்து மக்களுக்கும் செய்தி ஓரளவு எட்டியிருக்கலாம். எட்டியிருந்தால்தான் என்ன? எங்கே போவார்கள்? அவர்கள் குடியிருந்த காம்பிரா அவர்களுடையதன்று. நின்ற நிலம் அவர்களுடையதன்று. 1972-இலும் 1975-இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992-இல் நிருவாகம் கம்பெனிகளிடம் போயிற்று. இத்தனை கைமாற்றங்களிலும் நிலம் உழைத்தவர் கைக்கு மட்டும் மாறவில்லை. "மலை சரியும், எச்சரிக்கை" என்று சொல்லிவிட்டு, நிற்பதற்கு வேறொரு துண்டு நிலம் தராத விழிப்புணர்வு, பசித்தவனுக்குச் சத்துணவுப் பட்டியல் வாசிப்பதை ஒத்தது.

இங்கே ஓர் உண்மை நமக்குப் புலப்படுகிறது. ஆராய்ச்சி மக்களிடம் திரும்புவது, அவர்களுக்குத் தகவல் தருவதோடு முடிவதில்லை. அத்தகவலைக் கையிலேந்தி அவர்கள் உரிமை கேட்கக்கூடிய நிலை உண்டாக வேண்டும். எச்சரிக்கை அறிக்கையின் தமிழ்ப் படியொன்று தோட்டக் கோயில் முற்றத்தில் உரக்க வாசிக்கப்பட்டு, ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொன்று இருந்திருந்தால், அது தொழிற்சங்கத்தின் கையில் ஓர் ஆயுதமாகியிருக்கும். வழக்கறிஞரின் கையில் ஓர் ஆவணமாகியிருக்கும். தேர்தல் மேடையில் தப்பிக்க முடியாத ஒரு கேள்வியாகியிருக்கும். மலையைத் தடுத்து நிறுத்தியிருக்கும் என்று நாம் சொல்லவில்லை. 2005-க்கும் 2014-க்கும் இடையே ஒன்பது ஆண்டுகள் இருந்தன என்பதை மட்டும் சொல்கிறோம்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் பெருமழையில், பதுளை மாவட்டத்தின் மலைகள் மீண்டும் பல இடங்களில் சரிந்தன. மீண்டும் உயிர்கள் போயின. மீரியபெத்தையைப் பழங்கதை என்று ஒதுக்குவோருக்கு அதற்குமேல் விடை வேண்டியதில்லை.

*

இந்தப் பின்னணியில் பதுளைப் பல்கலைக்கழகத்தை நோக்குவோம். அது தொடங்கும்போதே விலங்கு விஞ்ஞானமும் ஏற்றுமதி வேளாண்மையும், முகாமைத்துவம், விஞ்ஞானமும் தொழினுட்பமும் என்னும் பீடங்களோடு தொடங்கியது. தேயிலைத் தொழினுட்பத்துக்கென்றே ஒரு பட்டப்படிப்பு அங்கே உண்டு. 'பெறுமதி சேர்த்தல்' என்பது அதன் தாரக மந்திரம். அதாவது, மூலப்பொருளாக வெளியேறும் விளைபொருளை இங்கேயே பக்குவப்படுத்தி அதன் மதிப்பை உயர்த்துதல். காலனித்துவப் பொருளாதாரம் நம்மைக் கொழுந்து பறிப்பவராகவும், பெட்டி கட்டுபவராகவும் நிறுத்தி, இலாபத்தை இலண்டன் ஏலச்சந்தையில் வைத்த வரலாற்றை அறிந்தவர் இக்கொள்கையை வெறுக்க முடியாது.

நாம் கேட்பது, இந்தக் கொள்கையைக் கல்விக்கும் பொருத்திப் பாருங்கள் என்பதே. தோட்டத்து மக்களின் அனுபவம் மூலப்பொருளாக வெளியேறி, ஆங்கிலக் கட்டுரையாகப் பக்குவப்பட்டு, அயல்நாட்டுச் சஞ்சிகையில் மதிப்படைகிறது என்றால், அங்கேயும் பெறுமதி வெளியிலேதான் சேர்கிறது. ஆங்கில நூல்களில் சிறந்தவை உண்டு. 2019-இல் அமெரிக்கப் பல்கலைக்கழக அச்சகமொன்று வெளியிட்ட, தோட்டப் பெண்களின் உழைப்பைப் பற்றிய மைத்ரி ஜெகதீசனின் நூல், அப்பெண்களை மதித்து எழுதப்பட்டது. உலகுக்கு எழுதுவது தவறன்று. உலகுக்கு மட்டும் எழுதுவது முழுமையன்று.

இன்னொரு தடையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்நாட்டுப் பல்கலைக்கழக அனுமதியில், இடங்களுள் 40 வீதம் தகுதி அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டங்களின் மக்கள்தொகைக்கு ஏற்பவும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கென்றும் பகிரப்படுகின்றன. பதுளை பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்று. ஆனால் மாவட்டம் என்னும் கணக்கு, பதுளை நகரத்துப் பெரிய பாடசாலையையும் லுணுகலை மலையுச்சித் தோட்டப் பாடசாலையையும் ஒரே கோட்டில் நிறுத்திவிடுகிறது. தமிழ்மொழியில் உயர்தர விஞ்ஞானமும் கணிதமும் கற்பிக்க ஆசிரியரில்லாத தோட்டப் பகுதிகளிலிருந்து விஞ்ஞானப் பீடங்களுக்கு எத்தனை பேர் ஏற முடியும்? வளாகத்தின் மதிலுக்கு அப்பால் தெரிகின்ற தேயிலை மலையிலிருந்து அந்த வளாகத்துக்குள் வருவதற்கு, ஒரு பிள்ளை கடக்க வேண்டிய தூரம் மைல்கற்களால் அளக்கத்தக்கதன்று. சமூகத் தொடர்பு உண்மையானதாயின் அது முதலில் தொடவேண்டிய இடம் இதுவே. ஆண்டுக்கொருமுறை நடத்தும் பரீட்சைக் கருத்தரங்கு, ஆண்டு முழுதும் இல்லாத ஆசிரியருக்கு ஈடாகாது.

"ஆராய்ச்சி வேறு, சமூக சேவை வேறு, பல்கலைக்கழகத்தைத் தொழிற்சங்க அலுவலகமாக்கலாமா?" என்று சில பேராசிரியர்கள் கவலைப்படக்கூடும். கவலை வேண்டாம். ஆராய்ச்சியின் தூய்மையைக் காப்பதற்கே நாம் இதைக் கூறுகிறோம். காளானைப் பற்றி எழுதிய மார்ஷல் வார்ட்டை மறுத்துப் பேசக் காளானால் இயலாது. மனிதரைப் பற்றி எழுதியதை அம்மனிதர் மறுத்துப் பேச முடியும். அவர் முன்னே வாசித்துக் காட்டப்படாத ஆராய்ச்சி, மிகப் பெரிய சோதனையொன்றிலிருந்து ஒளிந்துகொண்ட ஆராய்ச்சியாகும். தோட்டத்துப் பெண் "இது அப்படியில்லை ஐயா" என்று சொல்லும் இடத்திலேதான், சமூக விஞ்ஞானம் விஞ்ஞானமாகத் தொடங்குகிறது.

*

இனி, பிரதேசங்களுக்கிடையிலான தொடர்பைப் பற்றி ஒரு சொல். அசாமின் ஜோர்ஹாட்டை அடுத்த தொக்லாயில் 1911 முதல் தேயிலை ஆராய்ச்சி நடக்கிறது. இங்கே தலவாக்கலையில் நடக்கிறது. தேயிலைச் செடியின் நோய்களும் மருந்துகளும் நாடுவிட்டு நாடு பேசப்படுகின்றன. தேயிலையை நம்பிய மக்களின் நிலையும் அவ்வாறு பேசப்படுகிறதா?

1964-இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம், ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் மக்களைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்து, எஞ்சியவரைப் பின்னர் தீர்மானிப்போம் என்றது. தாய் அங்கே, மகன் இங்கே எனக் குடும்பங்கள் பிளந்தன. தாயகம் திரும்பியோருக்கு வேலை தருவதற்கென்று தமிழக அரசு 1968-இல் நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கிற்று. இங்கே கொழுந்து பறித்த கை, அங்கே போயும் கொழுந்தே பறித்தது. பதுளையில் ஒரு பாதியும் கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்தில் ஒரு பாதியுமாக உள்ள இந்த ஒரே வரலாற்றை, இரு பாதிகளையும் சேர்த்து வைத்து ஆராய்வது எத்துணை இயல்பான பணி! அதுபோன்றே, 2015 செப்டம்பரில் மூணாறில் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள், சங்கத் தலைவர்களையும் ஒதுக்கி நிறுத்திவிட்டு, போனசுக்காகத் தாமே வீதியில் அமர்ந்து போராடி வென்றனர். இங்கே ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் என்னும் கோரிக்கை பல ஆண்டுகள் இழுபட்டு, 2021-இல்தான் நிறைவேறியது. இவ்விரு போராட்டங்களையும் அருகருகே வைத்துப் பயில்வதால் பதுளைப் பெண்ணும் மூணாற்றுப் பெண்ணும் அடையக்கூடிய பயன், பத்து மாநாடுகளின் நினைவுமலர்களால் விளைவதன்று.

வெளியூர்த் தொடர்பைப் பேசும் நாம், பக்கத்து ஊரை மறந்துவிடலாகாது. பல்கலைக்கழகத்தின் பெயரில் உள்ள வெல்லஸ்ஸ, 1818-இல் ஆங்கிலேயரால் ஊவாக் கிளர்ச்சி நசுக்கப்பட்டபோது வயலும் குளமும் அழிந்த சிங்கள உழவரின் நாடு. 1840-ஆம் ஆண்டு முடிநிலச் சட்டம் கிராமத்தவரின் காடுகளை அரசின் நிலமாக்கியது. அந்நிலத்தில் எழுந்த தோட்டங்களுக்கே நம் முன்னோர் கொணரப்பட்டனர். நிலம் இழந்தவனும், நிலமே இல்லாதவனும் ஒரே மலையின் இரு சரிவுகளில் வாழ்கிறார்கள். இவ்விருவரையும் ஒருவரையொருவர் ஐயுறச் செய்த அரசியலால் இலாபமடைந்தவர் இருவருமல்லர். ஆராய்ச்சி முடிவு தமிழில் வேண்டும் என்று கேட்கும் அதே வேளையில் சிங்களத்திலும் வேண்டும் என்று நாம் கேட்பது இதனாலேயே. லயத்தின் கதையைச் சிங்களக் கிராமமும், வெல்லஸ்ஸவின் கதையைத் தமிழ்த் தோட்டமும் அறியும்படி செய்வதைக் காட்டிலும் பெரிய சமூகத் தொடர்பு ஊவாவில் இருக்க முடியாது.

*

குற்றம் முழுவதையும் பல்கலைக்கழகத்தின் வாசலில் இறக்கிவைத்துவிட்டுப் போய்விட நமக்கு உரிமை இல்லை. முற்போக்காளர் என்று சொல்லிக்கொள்ளும் நாமும் தொழிலாளியைப் பல வேளைகளில் நம் கவிதைகளின் கண்ணீராகவும் நம் கட்டுரைகளின் எடுத்துக்காட்டாகவுமே கண்டிருக்கிறோம். அட்டைக்கடியும் பனியும் வறுமையும் எழுதினோம். எழுதியதை லயத்தில் வாசித்துக் காட்டினோமா? தோட்டத்திலிருந்து படித்து மேலேறிய ஆசிரியருள் எத்தனை பேர், ஓய்வுநாளில் ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு, தம் பாட்டியிடமே கதை கேட்டிருக்கிறோம்? 2023-இல், இருநூறாண்டு நினைவாக, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தார்கள். வழியில் மாண்ட முன்னோரை நினைத்து நடந்த அந்த நடை முடிந்தபின், அம்முன்னோரின் பெயர்களைத் தேடும் பணியை எத்தனை பாடசாலைகள் மேற்கொண்டன?

பழைய செக்ரோல் ஏடுகள் கறையானுக்கு இரையாகின்றன. கங்காணியின் கடனைத் தோட்டம்விட்டுத் தோட்டம் சுமந்து சென்ற துண்டு முறை, 1921-இல் சட்டத்தால் ஒழிந்தது. அதைப் பற்றிப் பெரியவர் வாயால் கேட்டவர்களும் மறைந்து வருகிறார்கள். கோடைக் காற்று வீசும் பருவத்து ஊவாத் தேயிலையின் மணத்துக்கு உலகச் சந்தையில் பெயருண்டு. அந்த மணத்தை விளைவித்தவரின் பெயர்ப்பட்டியல் நம்மிடம் இல்லை. இதைச் செய்வதற்குப் பெருநிதி வேண்டியதில்லை. தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவர், உயர்வகுப்பு மாணவர் சிலர், பல்கலைக்கழகத்து இளம் விரிவுரையாளர் ஒருவர் கூடினால் ஒரு தோட்டத்தின் வரலாறு எழுதப்பட்டுவிடும். அதில் ஆசிரியரின் பெயரும் மாணவரின் பெயரும் கதை சொன்ன மூதாட்டியின் பெயரும், அவர்கள் இசைந்தால், விரிவுரையாளரின் பெயருக்குச் சமமாக அச்சிடப்பட வேண்டும். தகவல் தருபவர் என்று அவர்களை ஓர் அடிக்குறிப்பில் அடக்கிவிடக் கூடாது.

ஆகவே பதுளையின் பல்கலைக்கழகத்திடமும், பேராதனை, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு ஆகிய இடங்களின் அறிஞரிடமும் நாம் வைக்கும் வேண்டுகோள் ஒன்றே. அடுத்த முறை மலையேறி வரும்போது, கேள்வித்தாளோடு சென்றமுறை கேட்டதன் விடையையும் கொண்டுவாருங்கள். பெரட்டுக்களத்திலோ, கோயில் முற்றத்திலோ, பாடசாலை மண்டபத்திலோ அதைத் தமிழில் வாசியுங்கள். பிழை சொல்பவர் சொல்லட்டும். அவர் சொன்னதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கொழுந்தைக் கொடுத்தவள் தராசைப் பார்க்கிறாள். தன் கதையைக் கொடுத்தவளும் தராசைப் பார்க்கட்டும்.